இசைக் கருவியும் எர்த் கம்பியும்



சென்ற ஆண்டு எங்கள் தோட்டப் பள்ளியில் ஆசிரியர் தின விழாவுக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, நன்றாகப் பாடக்கூடியவள். அன்று அவள் ஒலிவாங்கியை வாய்க்கு அருகே கொண்டுபோகாமல் ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டே பாடினாள். "கிட்டப் பிடித்துப் பாடம்மா" என்றோம். "வேண்டாங்க ஐயா, மைக்கு கடிக்கும்" என்றாள்.

எங்கள் பள்ளி ஒலிவாங்கி இதுவரை யாரையும் கடித்ததில்லை. விசாரித்துப் பார்த்தபோது, அவள் சொன்னது தன் வீட்டுக் கரோக்கே பெட்டியின் மைக்கை என்று தெரிந்தது. "உதட்டுல பட்டா எறும்பு கடிச்ச மாதிரி இருக்குங்க ஐயா. அப்பா அது அப்படித்தான், ஒன்னும் செய்யாதுன்னு சொல்லிட்டாரு" என்றாள். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மாலையே நாங்கள் இரண்டு ஆசிரியர்கள் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனோம்.

நேயர்களே, இன்று நம் வீடுகளில் இசைக் கருவிகளுக்குக் குறைவில்லை. கரோக்கே பெட்டி, மின்கிட்டார், கீபோர்டு, பஜனைக்கு ஒலிபெருக்கி, தாத்தா விட்டுச்சென்ற பழைய வால்வு ரேடியோ என்று ஏதாவது ஒன்று இருக்கத்தான் செய்கிறது. இவை யாவும் நம் கையோடும் உதட்டோடும் உறவாடும் கருவிகள். சலவை இயந்திரத்தை நாம் கட்டிப் பிடிப்பதில்லை. கிட்டாரைக் கட்டிப் பிடிக்கிறோம். ஒலிவாங்கியை உதட்டில் வைக்கிறோம். ஆகவே இவற்றின் மின் பாதுகாப்பு தனிக் கவனத்துக்கு உரியது. அதைப் பற்றித்தான் இன்று நாம் சேர்ந்து சிந்திக்கப் போகிறோம்.

அந்த வீட்டில் நாங்கள் கண்டதை முதலில் சொல்லிவிடுகிறோம். கூடத்து மூலையில் இரும்புப் பெட்டியோடு கூடிய ஒலிபெருக்கி ஒன்று. பழைய பொருளாக வாங்கியது. அதன் பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். பழுப்பு வயரும் நீல வயரும் அதனதன் இடத்தில் இருந்தன. பச்சையும் மஞ்சளும் கலந்த மூன்றாவது வயர், அதாவது எர்த் வயர், குட்டையாக வெட்டப்பட்டுக் கறுப்பு டேப்பால் சுற்றப்பட்டிருந்தது. பிள்ளையின் தந்தை லோரி ஓட்டுகிறவர், நல்ல மனிதர். அவர் மறைக்காமல் சொன்னார்: "எர்த்து இருந்தா ஒரே உறுமலுங்க வாத்தியாரையா. பாட்டே கேட்க முடியல. வெட்டி விட்டதும் சுத்தமா நின்னுடுச்சு."

இந்தச் சொற்களை நாங்கள் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறோம், எங்கள் சொந்த வீட்டிலேயே.

அது 1996ஆம் ஆண்டு, தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்பு. நாங்கள் அப்போது இடைநிலைப் பள்ளி மாணவர். எங்கள் மூத்த அண்ணன் தோட்டத்து இளைஞர் இசைக்குழுவில் கிட்டார் வாசிப்பவர். குழுவின் பெரிய ஒலிபெருக்கியோடு அண்ணனின் கிட்டார் பெட்டியை இணைத்தால் உறுமல் எழும். பட்டணத்தில் ரேடியோ பழுதுபார்க்கும் ஒருவர் அண்ணனின் பிளக்கைத் திறந்து பச்சை வயரை எடுத்துவிட்டார். உறுமல் போய்விட்டது. அவரைக் கெட்டிக்காரர் என்று எல்லாரும் பாராட்டினோம்.

மூன்று வாரம் கழித்து ஒரு மழை நாள். அண்ணன் வீட்டு வராந்தாவில், சாரலில் நனைந்த சிமெந்துத் தரையில், வெறுங்காலோடு தனியாக வாசித்துக்கொண்டிருந்தார். திடீரென்று வாசிப்பு நின்றது. நாங்கள் எட்டிப் பார்த்தபோது, இடக்கை கிட்டாரின் கழுத்தை இறுகப் பற்றியிருந்தது. உடல் விறைத்திருந்தது. வாயில் சத்தம் வரவில்லை. அம்மா அலறிக்கொண்டு அண்ணனைப் பிடிக்க ஓடினார். அப்பா அம்மாவை ஒரு கையால் தள்ளிவிட்டு, மறு கையால் சுவரிலிருந்த சுவிட்சை அடைத்தார். அண்ணன் சரிந்து விழுந்தார். உயிர் இருந்தது. கம்பி பட்ட மூன்று விரல்களில் தீக்காயம். அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது.

ஏன் இப்படி நடந்தது? அந்தப் பெட்டியினுள் மின்மாற்றியின் காப்பு ஈரத்தால் கெட்டு, வீட்டு மின்சாரம் இரும்புப் பெட்டியில் பாய்ந்திருந்தது. கிட்டார் கம்பிகள், இரைச்சலைக் குறைப்பதற்காக, ஒலிக் கம்பியின் உறை வழியாக அந்தப் பெட்டியோடு இணைக்கப்பட்டவை. பெட்டியில் மின்சாரம் என்றால் கிட்டார் கம்பியிலும் மின்சாரம். மண்ணுக்குப் போக அதற்கு எர்த் வயர் இருந்திருந்தால் அவ்வழியே போயிருக்கும். வயர் இல்லை, அண்ணன் இருந்தார்.

இனி, மின் அதிர்ச்சி என்பது என்ன என்று பார்ப்போம். நம் நாட்டில் வீட்டு மின்சாரம் முன்பு 240 வோல்ட் எனப்பட்டது. 2008 முதல் 230 வோல்ட் என்று வரையறுத்திருக்கிறார்கள். மின்சாரம் ஒரு வழியாக வந்து மறு வழியாகத் திரும்பிச் சென்றால்தான் ஓடும். கம்பியின்மேல் உட்காரும் குருவிக்கு ஒன்றும் ஆவதில்லை, ஏனெனில் அதன் உடல் வழியாக மின்சாரம் வேறெங்கும் போவதற்கு இல்லை. மண்ணில் நிற்கும் மனிதனுக்கோ வழி உண்டு. கை தொடுகிறது, கால் தரையில் இருக்கிறது. இடையில் நெஞ்சு இருக்கிறது.

எவ்வளவு மின்சாரம் பாய்ந்தால் ஆபத்து? ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கை மில்லி ஆம்பியர் என்கிறோம். சுமார் 1 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் 'எறும்பு கடி' தெரியும். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் தசைகள் இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் மூச்சும் இதயமும் ஆபத்துக்கு உள்ளாகின்றன. பழைய 60 வாட் குண்டு பல்பு எரிய ஏறக்குறைய 260 மில்லி ஆம்பியர் வேண்டும். அதில் எட்டில் ஒரு பங்கே மனித உயிருக்கு ஆபத்து என்றால், நாம் எவ்வளவு மெல்லிய எல்லையில் நிற்கிறோம் பாருங்கள்.

காய்ந்த தோல் மின்சாரத்தை ஓரளவு தடுக்கும். வியர்வையோ தண்ணீரோ பட்டால் அந்தத் தடை வெகுவாகக் குறைந்து, உடலின் தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 வோல்டை 1,000 ஓமால் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர்! உதடு எப்போதும் ஈரமானது. நம் வீடுகளிலோ வெறுங்காலோடுதான் நடமாடுகிறோம். வெள்ளிக்கிழமை கூடத்தைக் கழுவிவிட்டு, ஈரம் காயும் முன்பே பாய் விரித்துப் பஜனைக்கு உட்காருகிறோம். நல்ல பழக்கங்கள்தாம், ஆனால் மின்கருவி ஒன்று பழுதாகியிருந்தால் இவையே ஆபத்தைப் பெருக்கும்.

இப்போது நாம் எல்லாரும் அறிந்த மூன்று முனைப் பிளக்குக்கு வருவோம். இது 1947இல் பிரிட்டிஷ் தரமாக வெளியிடப்பட்ட வடிவம். கீழே இருக்கும் இரண்டு முனைகள் மின்சாரத்தைக் கொண்டுவந்து திருப்பி அனுப்புகின்றன. மேலே நடுவில் இருக்கும் பெரிய முனை எர்த் முனை. அது மற்ற இரண்டையும் விட நீளமாக இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பிளக்கைச் செருகும்போது அது முதலில் தொடும்; பிடுங்கும்போது கடைசியில் விடும். கருவிக்குள் மின்சாரம் வரும் முன் காவல்காரன் வந்துவிடுகிறான். மின்சாரம் போன பிறகே அவன் போகிறான். அதோடு, சுவர்த் துளைகளுக்குள் இருக்கும் மூடிகளைத் திறப்பதும் அந்த நீள முனைதான். குழந்தைகள் கம்பியையோ ஆணியையோ மற்ற துளைகளில் நுழைக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது.

நாம் என்ன செய்கிறோம்? இரண்டு முனைப் பிளக்கைச் செருக முடியவில்லை என்றால், மேல் துளையில் பேனாவையோ திருப்புளியையோ நுழைத்து மூடியைத் திறந்து, பிளக்கைத் தள்ளிவிடுகிறோம். பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். நாளை அந்தப் பேனா எந்தத் துளைக்குப் போகும் என்று யார் சொல்ல முடியும்? இரண்டு முனைப் பிளக் உள்ள கருவிக்கு, சிரிம் முத்திரை உள்ள சரியான அடாப்டரை வாங்கிப் பொருத்துங்கள். விலை சில வெள்ளிதான்.

இரண்டு முனைக் கருவிகள் எல்லாமே ஆபத்தானவையா என்று கேட்கலாம். இல்லை. சில கருவிகளின் அடியில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்திருக்கும். இரட்டைக் காப்பு உள்ளது, எர்த் தேவையில்லை என்பது அதன் பொருள். பெரும்பாலான கீபோர்டு அடாப்டர்கள் அந்த வகை. ஆனால் மூன்று வயரோடு தொழிற்சாலையிலிருந்து வந்த கருவியை நாமே இரண்டு வயர்க் கருவியாக மாற்றுவது வேறு. இரட்டைக் காப்பு அதனுள் கிடையாது. எர்த் ஒன்றை நம்பியே அது செய்யப்பட்டிருக்கிறது.

எர்த் வயர் எப்படிக் காக்கிறது? அது வீட்டுச் சுவருக்குள் ஓடி, வீட்டுக்கு வெளியே மண்ணில் அடித்திருக்கும் கம்பியில் போய் முடிகிறது. கருவியினுள் மின்சாரம் தப்பிப் பெட்டியில் பாய்ந்தால், அது இந்த எளிய வழியே மண்ணுக்கு ஓடிவிடும். ஓடும்போது இன்னொரு காவலையும் எழுப்பிவிடும். அதுதான் மின்கசிவுத் துண்டிப்பான். வயர்மேன்கள் இதை இ.எல்.சி.பி. என்றும் ஆர்.சி.சி.பி. என்றும் சொல்வார்கள். வீட்டுக்குள் போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமா என்று அது ஓயாமல் கணக்குப் பார்க்கிறது. குறைந்தால், எங்கோ கசிகிறது என்று அறிந்து, நொடியின் ஒரு பகுதிக்குள் மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும். "பிளக்கில்தான் ஃபியூஸ் இருக்கிறதே" என்று பலர் சொல்கிறார்கள். பிளக்கில் உள்ள ஃபியூஸ் பெரும்பாலும் 13 ஆம்பியர். அதாவது 13,000 மில்லி ஆம்பியர். மனிதனை வீழ்த்த 30 மில்லி ஆம்பியர் போதும் என்று பார்த்தோம். ஃபியூஸ் வயரைத் தீயிலிருந்து காக்கும். எர்த் இல்லாத கருவியைத் தொட்டவனை அது காக்காது. ஒரு மனிதன் துடித்துக்கொண்டிருக்கும்போதும் அந்த ஃபியூஸ் அப்படியே இருக்கும்.

துண்டிப்பானிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அதன் முகப்பில் ஓர் எண் இருக்கும். 0.03 ஆம்பியர் என்றிருந்தால் அது 30 மில்லி ஆம்பியரில் இயங்கக்கூடியது. ஆளைக் காக்க வல்லது. 0.1 ஆம்பியர் என்றிருந்தால் 100 மில்லி ஆம்பியர். கையில் பிடிக்கும் கருவிகளுக்கு அது போதாது. இன்று மாலையே உங்கள் வீட்டு மின்பெட்டியைத் திறந்து அந்த எண்ணைப் பாருங்கள். இடி மின்னல் நேரத்தில் துண்டிப்பான் அடிக்கடி விழுகிறது என்று அதையே விலக்கிவிட்ட வீடுகளும் உண்டு. நாய் குரைத்துத் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று நாயை விரட்டிவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்து வைத்த கதைதான் அது.

சரி, எர்த் வயர் இருந்தால் ஏன் உறுமல் வருகிறது? அதுவும் காரணத்தோடுதான் வருகிறது. எர்த் உள்ள இரண்டு கருவிகளை, ஒன்றைக் கூடத்துப் பிளக்கிலும் மற்றொன்றை அறைப் பிளக்கிலும் செருகியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஓர் ஒலிக் கம்பியால் இணைக்கிறோம். இப்போது எர்த் வயர், ஒலிக் கம்பியின் உறை, மறுபடியும் எர்த் வயர் என்று ஒரு வளையம் உண்டாகிவிடுகிறது. இரண்டு பிளக்குகளின் எர்த் அளவுகளுக்கு இடையே மிகச் சிறிய வேறுபாடு இருக்கும். அதனால் அந்த வளையத்தில் சிறு மின்னோட்டம் சுற்றும். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்றுகளாகத் திசை மாறி மாறி ஓடுவது. அந்த அதிர்வே 'உம்ம்' என்ற உறுமலாக ஒலிபெருக்கியில் கேட்கிறது.

எர்த் வயரை வெட்டினால் வளையம் அறுந்து உறுமல் நிற்கும், உண்மைதான். ஆனால் வளையத்தை அறுக்க வேறு இடமில்லையா? உண்டு. அதைத்தான் இன்று உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வந்தோம்.

முதல் வழி, செலவில்லாத வழி. இணைக்கும் கருவிகள் எல்லாவற்றையும் ஒரே சுவர்ப் பிளக்கிலிருந்து, எர்த் உள்ள நல்ல எக்ஸ்டென்ஷன் ஒன்றின் மூலம் இயக்குங்கள். எர்த்துகளுக்கு இடையே வேறுபாடு குறைந்து, பெரும்பாலும் உறுமல் அடங்கிவிடும். வீட்டு இசைக் கருவிகள் இழுக்கும் மின்சாரம் அதிகமில்லை. 13 ஆம்பியர் பிளக் ஏறக்குறைய 3,000 வாட் தாங்கும். ஆனால் அதே எக்ஸ்டென்ஷனில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டிலையும் சேர்க்காதீர்கள்.

இரண்டாவது, ஒலிக் கம்பியையும் மின் வயரையும் ஒன்றாகச் சுருட்டிப் போடாதீர்கள். தள்ளி வையுங்கள், குறுக்கே போக வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடக்கவிடுங்கள். கிழிந்த உறையுள்ள ஒலிக் கம்பியை மாற்றுங்கள். பல வீடுகளில் உறுமலுக்குக் காரணம் எர்த் அல்ல, பழைய ஒலிக் கம்பிதான்.

மூன்றாவது, அப்படியும் நிற்காவிட்டால், ஒலிக் கம்பியின் நடுவே பொருத்தும் சிறு தனிப்படுத்தும் மின்மாற்றிப் பெட்டி இசைக் கருவிக் கடைகளில் கிடைக்கும். பாட்டு அதன் வழியே போகும். வளையம் அங்கே அறுபடும். அதாவது நாம் அறுக்க வேண்டியது ஒலிக் கம்பியின் பாதையில். மின் வயரின் எர்த்தை ஒருபோதும் தொடக்கூடாது. இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தாலும் இன்றைய பேச்சு பயன்பட்டதாகும்.

இது நம் தோட்டத்துக்கு மட்டும் உரிய தொல்லை என்று எண்ண வேண்டாம். இந்தப் பிளக் பிறந்த பிரிட்டனிலேயே, 1972 மே மாதம், ஸ்வான்சி நகர மேடையில் 'ஸ்டோன் தி க்ரோஸ்' குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத ஒலிவாங்கியைத் தொட்டு மாண்டார். 1976இல் 'யார்ட்பேர்ட்ஸ்' குழுவின் பாடகராக விளங்கிய கீத் ரெல்ஃப், தம் வீட்டில், எர்த் சரிவர இல்லாத மின்கிட்டாரை வாசித்தபோது உயிரிழந்தார். இருவரும் தொழில்முறைக் கலைஞர்கள். கருவிகளோடு நாளும் பழகியவர்கள். பழக்கம் காக்கவில்லை. கிட்டாரும் ஒலிவாங்கியும் வேறு வேறு பெட்டிகளில் இணைந்திருக்கும்போது, ஒன்றில் எர்த் இருந்து மற்றொன்றில் இல்லாமல் போனால், கைக்கும் உதட்டுக்கும் இடையே இருப்பவர் பாடகர்தான் என்பதை மறக்கக்கூடாது.

பழைய வால்வு ரேடியோ, வால்வு ஒலிபெருக்கி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அவற்றினுள் சில நூறு வோல்ட் மின்னழுத்தம் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் அந்த மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வீட்டிலுள்ள துண்டிப்பான் இதை அறியாது. சில பழைய ரேடியோக்களில் உலோக அடித்தட்டே நேராக வீட்டு மின்சாரத்தோடு இணைந்திருக்கும். திருகுக் குமிழ் கழன்று விழுந்தால் உள்ளிருக்கும் தண்டைத் தொடுவதே ஆபத்து. தாத்தாவின் ரேடியோ பாட வேண்டும் என்ற ஆசை நல்லதுதான். ஆனால் அதைத் திறப்பது தெரிந்தவர் வேலை.

இனி, ஒவ்வொரு வீட்டிலும் செய்யக்கூடிய சில காரியங்கள். மாதம் ஒருமுறை துண்டிப்பானில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். 'டக்' என்று விழ வேண்டும். விழாவிட்டால் அது செத்த காவல், மாற்ற வேண்டும். கருவியின் வயரை முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பாருங்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான். சுவரில் மூன்று துளை இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். பழைய லயத்து வீடுகளில் துளை இருக்கும், பின்னால் எர்த் வயர் இருக்காது. இருந்தாலும் துருப்பிடித்துப் போயிருக்கும். உரிமம் பெற்ற வயர்மேன் அளவுக் கருவி கொண்டு சோதித்துச் சொல்வார். கருவியின் இரும்புப் பகுதியில் டெஸ்டர் பேனாவை வைத்தால் விளக்கு எரிகிறதா? உடனே பயன்படுத்துவதை நிறுத்துங்கள். எரியாவிட்டாலோ பத்திரம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தப் பேனா எச்சரிக்குமே தவிர உறுதி கொடுக்காது.

எறும்பு கடி போன்ற உணர்வு சில வேளை ஆபத்தில்லாத சிறு கசிவாகவும் இருக்கலாம். ஆனால் இன்று கடிப்பது எறும்பா, நாளை கடிக்கப்போவது பாம்பா என்று உதட்டால் அறிய முடியாது. கடித்தால் நிறுத்த வேண்டும், சோதிக்க வேண்டும். வீட்டில் இதுவே சட்டமாக இருக்கட்டும்.

யாருக்காவது மின் அதிர்ச்சி ஏற்பட்டால், ஓடிப்போய் அவரைத் தொடாதீர்கள். எங்கள் அப்பா அன்று அம்மாவைத் தடுத்திராவிட்டால், நாங்கள் இருவரை இழந்திருக்கக்கூடும். முதலில் சுவிட்சை அடையுங்கள். அது எட்டாவிட்டால் மெயின் சுவிட்சை அடையுங்கள். அதுவும் முடியாவிட்டால், காய்ந்த இடத்தில் நின்று, காய்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ அவரைக் கருவியிலிருந்து தள்ளிவிடுங்கள். 999 எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். மூச்சும் பேச்சும் இல்லை என்றால், நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வரை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் பலமாக அழுத்திக்கொண்டே இருங்கள். உதவி வரும் வரை நிறுத்தாதீர்கள். எழுந்து நடமாடினாலும் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

இப்போது அந்த மாணவியின் வீட்டுக்குத் திரும்புவோம். எங்கள் அண்ணனின் விரல் தழும்பைப் பற்றிச் சொன்னதும், அவள் தந்தை மறுபேச்சுப் பேசாமல் பிளக்கைப் பிடுங்கிச் சுவரில் சாய்த்து வைத்தார். மறுவாரம் வயர்மேன் ஒருவர் வந்து சோதித்தார். ஒலிபெருக்கியின் மின்மாற்றிக் காப்பு பழையதாகிக் கசிய ஆரம்பித்திருந்தது. வீட்டில் துண்டிப்பான் இருந்தும் அது விழவில்லை. எப்படி விழும்? கசியும் மின்சாரம் போவதற்கு வழி இருந்தால்தானே அதற்குக் கணக்குக் குறையும்? எர்த் வயர் வெட்டப்பட்ட பிறகு, அந்த வீட்டில் எஞ்சியிருந்த ஒரே வழி ஒரு குழந்தையின் உதடுதான்.

எங்களை வியக்க வைத்த இன்னொரு செய்தியும் வெளிப்பட்டது. முன்பு அவர்கள் அறையிலிருந்த கணினியிலிருந்து கம்பி இழுத்துப் பாட்டுப் போட்டார்கள். அப்போதுதான் வளையம் உண்டாகி உறுமியது, எர்த்தை வெட்டினார்கள். வெட்டிய பிறகும் கணினியின் எர்த், ஒலிக் கம்பியின் மெல்லிய உறை வழியாக அந்தப் பெட்டிக்கு ஒரு தற்காலிகக் காவலாக இருந்திருக்கிறது. பிறகு கணினியை எடுத்துவிட்டுக் கைப்பேசியில் பாட்டுப் போட ஆரம்பித்தார்கள். அந்தக் காவலும் போயிற்று; மைக்கு கடிக்கத் தொடங்கியது. கைப்பேசிக்கு எர்த் கிடையாது, வளையமும் கிடையாது. ஆகவே, எந்த உறுமலுக்காக எர்த்தை வெட்டினார்களோ அந்த உறுமலே அந்த வீட்டில் இப்போது இல்லை! தொல்லை போய் மாதங்கள் ஆகியும், வெட்டிய வயர் வெட்டியபடியே டேப்புக்குள் கிடந்தது.

மின்மாற்றியை மாற்றி, பச்சை மஞ்சள் வயரை அதன் இடத்தில் முறுக்கிப் பொருத்தினார்கள். மொத்தச் செலவு ஒரு நல்ல மைக்கின் விலைகூட இல்லை. ஆசிரியர் தினத்தன்று அந்தப் பிள்ளை ஒலிவாங்கியை உதட்டருகே பிடித்துப் பாடினாள். முதல் வரியைத் தொடங்கும் முன் ஒருமுறை எங்களைத் திரும்பிப் பார்த்தாள். நாங்கள் தலையசைத்தோம்.

எங்கள் அண்ணனும் இன்றும் கிட்டார் வாசிக்கிறார். ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும், கம்பிகளைச் சுருதி கூட்டும் முன், பிளக்கை ஒருமுறை திருப்பிப் பார்ப்பார். நீங்களும் இன்றைக்கு உங்கள் வீட்டுப் பாட்டுப் பெட்டியின் பிளக்கை ஒருமுறை பாருங்கள். மூன்றாவது வயர் அதன் இடத்தில் இருக்கட்டும்.